பாலம் நீங்கலாக

அகஸ்டா
9 ஜனவரி 1977

அன்புத் தம்பி லின்வுட்டுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் சட்டசபைப் படிகளைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. நீயும் தெல்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டிருப்பேன். ஆனால் உன் லைனில் இன்னும் ஐந்து வீடு தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் உன்னிடம் ஒன்று கேட்டால் நீ வாயைத் திறப்பதற்குள் ஊரே பதில் சொல்லிவிடும்.

சபை கூடிவிட்டது. நூற்றைம்பத்தோரு பேர். பாதிப் பேருக்கு இன்னும் என் பெயர் தெரியாது, "உருளைக்கிழங்கு ஊர் அம்மா" என்கிறார்கள். தீவனக் கடையில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவன் நீதான். வீடு வீடாகப் போய், "எங்கக்காவுக்குப் போடுங்க, பாலம் வந்துரும்" என்று நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. போன வசந்தத்தில் பனிக்கட்டி இடித்து ஆற்றுப் பாலத்தின் தூணைச் சாய்த்ததிலிருந்து நீ உன் கரையில், நான் என் கரையில். கூப்பிடு தூரத்தில் இருக்கிற உன் வீட்டுக்கு நாற்பத்து மூன்று மைல் சுற்ற வேண்டியிருக்கிறது. மசோதாவை முதல் நாளே கொடுத்துவிட்டேன்.

சபையின் நடுவழிக்கு அந்தப் பக்கம் எதிர்க்கட்சி. எனக்கு நேராக ஓரின் டையர் என்று ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். கடற்கரைத் தொகுதி, சிங்கி இறால் பிடிக்கிறவர், எட்டாவது தடவையாக வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் முதல் பேச்சே இதுதான்: "பாலம் கேப்பீங்களே? நான் எதிர்ப்பு. எங்க படகுத்துறை மக்கிப்போய்க் கெடக்கு, எல்லாத்தையும் நீங்களே வாரிக்கிட்டுப் போறீங்க. சரி, சாப்பிட்டாச்சா?" பிறகு அவர் கொண்டுவந்த ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

குளிரில் தொப்பி போடாமல் வெளியே போகாதே.

உன் அக்கா,
வெர்னா


கிளேட்டன் மில்ஸ்
23 ஜனவரி 1977

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கிழங்குக் கிடங்கில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது என் உத்தியோகம். தெல்மாவுக்குச் சாப்பிட்டதும் வயிற்றில் வலி வருகிறது. சோடா உப்பு போதும் என்கிறாள். அவளுக்கு அவளே டாக்டர்.

உன் படம் பேப்பரில் வந்தது. பின்வரிசையில் பாதித் தலை தெரிகிறது. தெல்மா அதை வெட்டி அலமாரியில் ஒட்டியிருக்கிறாள். கடைக்காரன் பர்லியிடம் அதைக் காட்டினால், "இது உங்கக்காவா, இல்ல தூணா?" என்கிறான். அவனும் உனக்குத்தான் ஓட்டுப் போட்டான், அந்த உரிமையில் பேசுகிறான்.

அந்தக் கிழவரோடு ரொட்டி சாப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆளை மயக்கிவிடுவார், ஜாக்கிரதை. உன்னை அங்கே அனுப்பியது ஒரே ஒரு காரியத்துக்கு. அது நடந்தால் போதும், மற்ற மசோதாவுக்கெல்லாம் நீ தூங்கினாலும் ஊரில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்று.

தம்பி,
லின்வுட்


அகஸ்டா
20 மார்ச் 1977

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். தெல்மாவுக்குத் தையல் எப்படி இருக்கிறது? பித்தப்பைக் கல்லோடு இரண்டு மாதம் சோடா உப்பைத் தின்றுகொண்டிருந்தவளை என்ன செய்வது? அவளை எழுந்திருக்க விடாதே. நீ சமைப்பதை அவள் சாப்பிடத்தான் வேண்டியிருக்கிறது, பாவம், அதுவே அவளுக்குத் தண்டனை.

நான்கு நாள் விடுப்பு எப்படிக் கிடைத்தது என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கேட்டாய். கிடைத்தது, அவ்வளவுதான். அதையெல்லாம் நீ யோசிக்காதே.

ஆம்புலன்ஸ் ஆற்றைச் சுற்றி வந்து சேர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனதாக நர்ஸ் சொன்னாள். அதைச் சபையில் சொல்லப்போகிறேன். உன் பெயரைச் சொல்லமாட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். அன்று போனில் நீ, "அக்கா, வர முடியுமா?" என்று கேட்டாய். சின்ன வயதில் கிணற்றங்கரைப் பனியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டபோதுகூட நீ யாரையும் கூப்பிட்டதில்லை. நீயாகவே நடந்து வந்தாய். அந்த ஒரு வரியைக் கேட்டதும் நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கூப்பிட்டாயே என்று எனக்குச் சந்தோஷம்.

அக்கா,
வெர்னா


போர்ட்லண்ட்
12 மே 1977

மதிப்புள்ள வெர்னாவுக்கு,

உங்கள் முழங்கால் சுகமா? என் உடம்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம், அதனால் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை நான் சபைக்கு வர முடியாது. ஐந்து நாளும் என்னோடு நீங்கள் ஜோடி சேர முடியுமா? மார்ச்சில் செய்ததுபோலத்தான். நான் வராத நாளில் நீங்களும் ஓட்டுப் போடக்கூடாது. உங்கள் ஆமும் என் இல்லையும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும், யாருக்கும் நஷ்டமில்லை. நீங்கள் தம்பி வீட்டுக்கு ஓடியபோது நான் நான்கு நாள் ஓட்டுப் பொத்தானைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அதைத் திருப்பிக் கேட்பதாக நினைக்கவேண்டாம் என்று எழுத நினைத்தேன். ஆனால் திருப்பித்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. சபையில் எழுந்து அறிவித்துவிட்டுச் செய்வதுதான் முறை. அறிவிக்கவேண்டாம். அறிவித்தால் ஏன் வரவில்லை என்று பேப்பர்காரன் கேட்பான். இது வயதான ஆண்களுக்கு வருகிற நோய், சிறுநீர் சம்பந்தப்பட்டது. செவ்வாய் அல்லது புதனன்று அறுக்கிறார்கள். எங்கள் படகுத்துறையில் இது தெரிந்தால் சாகும்வரை என்னைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். என் மனைவியிடமே சபை வேலை என்றுதான் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

ஓரின் டையர்


அகஸ்டா
14 மே 1977

மரியாதைக்குரிய டையர் ஐயாவுக்கு,

ஐந்து நாளும் நான் உங்களுடன் ஜோடி. எந்த மசோதாவாக இருந்தாலும் சரி. ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

நோய் வந்ததற்கு வெட்கப்படுகிற ஆண்களை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், உங்களைக் கண்டு சிரிக்கமாட்டேன். நன்றாகத் தூங்குங்கள். நர்ஸ்களிடம் கட்சி பேசாதீர்கள்.

வெர்னா ஹாஸ்கெல்


கிளேட்டன் மில்ஸ்
20 மே 1977

அக்காவுக்கு,

சுகம்.

பாலம் மசோதா புதன்கிழமை தோற்றது. எழுபத்து நான்குக்கு எழுபத்து நான்கு. சரிக்குச் சரி வந்தால் தோல்விதானாம், பேப்பரில் போட்டிருக்கிறான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், வாக்களிக்காதவர்கள் மூன்று பேர். அதில் ஒரு பெயர் ஹாஸ்கெல்.

முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். பர்லி கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டான், "ஒரே ஒரு ஓட்டுதானப்பா வேணும். உங்கக்கா எங்க போயிருந்தாங்க?" வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். உனக்காக நான் தட்டின கதவுகள் எல்லாம் இந்த ஊரில்தான் இருக்கின்றன. அந்த வழியாகத்தான் நான் தினமும் போகவேண்டும்.

அடுத்த தடவை தெல்மாவுக்கு ஏதாவது ஆனால் அந்த நாற்பத்து மூன்று மைலைத் தாங்குவாளா என்று எனக்குத் தெரியாது. நீதான் அதைச் சபையில் பேசினாய். பேசிவிட்டு எங்கே போனாய்?

லின்வுட்


அகஸ்டா
23 மே 1977

அன்புத் தம்பிக்கு,

தெல்மாவுக்குப் பசி எடுக்கிறதா? படி ஏறுகிறாளா?

நான் எங்கும் போகவில்லை. சபையில், என் நாற்காலியில்தான் இருந்தேன். பொத்தான் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் அழுத்தவில்லை. ஏன் என்று இப்போது சொல்ல முடியாது. ஒருவருக்கு வார்த்தை கொடுத்திருக்கிறேன்.

ஊரில் யார் கேட்டாலும், "எனக்குத் தெரியாது, அவளையே கேளுங்கள்" என்று சொல்லிவிடு. எனக்காக நீ சண்டை போடவேண்டாம். ஆனால் நான் உன்னை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே, லின்வுட். அதை என்னால் தாங்க முடியாது.

கடிதம் போடு.

அக்கா,
வெர்னா


கிளேட்டன் மில்ஸ், கிழக்குக் கரை
14 ஆகஸ்ட் 1977

அன்புத் தம்பிக்கு,

நம் ஊர்த் தபால் நிலையத்திலிருந்து நம் ஊருக்கே கடிதம் போடுகிறேன். தபால்கார அம்மாள் உறையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். வேறு என்ன செய்வது? சபை முடிந்து நான் வந்து ஒரு மாதமாகிறது. ஆற்றைச் சுற்றி உன் கரைச் சர்ச்சுக்கு வந்தால் நீ பின்வாசல் வழியாகப் போய்விடுகிறாய். போன் பண்ணினால் தெல்மாதான் பேசுகிறாள். அவளுக்கு என்மேல் கோபமில்லை, அது எனக்குத் தெரிகிறது. நீ பக்கத்தில் நிற்கிறாய் என்பதும் தெரிகிறது.

கடையில் வியாபாரம் குறைந்திருக்கிறது. சிலர் தீவனத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அடுத்த தேர்தலில் பர்லி நிற்கப்போகிறானாம், நிற்கட்டும்.

அடுப்பங்கரை ஜன்னலில் நின்றால் உன் களஞ்சியம் தெரிகிறது. நேற்று நீ கூரை மேல் தகரம் அடித்துக்கொண்டிருந்தாய். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாய். உடம்புக்கு என்ன?

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. கூரையில் ஏறாதே.

அக்கா,
வெர்னா


பிளம் ஹார்பர்
16 அக்டோபர் 1977

திரு. லின்வுட் டோல் அவர்களுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. கிழங்கு தோண்டி முடிந்திருக்கும், வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது எனக்குத் தெரியும். தேதிகூடத் தெரியும்.

ஜனவரியிலிருந்து மே வரை உங்கள் அக்கா வாயைத் திறந்தால், "எங்க தம்பி இருக்கானே" என்றுதான் ஆரம்பிப்பார். உங்கள் நாயின் பெயர் முதல் எனக்கு அத்துப்படி. போன மாதம் தம்பி எப்படி என்று கேட்டு எழுதினேன். பதிலில் மூன்று வரி மழையைப் பற்றி இருந்தது. நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஏன் என்று படித்தால் தெரியும்.

மார்ச்சில் நீங்கள் கூப்பிட்டபோது உங்கள் அக்கா கோட்டோடு என் முன்னால் வந்து நின்றார். "தம்பி கூப்பிடறான், நான் போகணும், அந்தக் கப்பல்துறைச் சட்டத்துல நீங்க ஆமா, நான் இல்ல. என்ன செய்யறது?" என்றார். நான் ஜோடி சேருகிறேன் என்றேன். அவர் வரும்வரை நான் ஓட்டுப் போடவில்லை. அதில் எனக்கு ஒன்றும் குறையவில்லை, அந்தச் சட்டம் சுலபமாக நிறைவேறியது.

மே மாதம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எனக்கு மூத்திரம் போகவில்லை, ஐயா. அதற்குத்தான் கத்தி வைத்தார்கள். இதை நான் எழுதி ஒருவருக்கு அனுப்புவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஐந்து நாளுக்கு அதே ஜோடியைக் கேட்டேன், யாருக்கும் சொல்லாதீர்கள் என்றும் கேட்டேன். சரி என்றார். பழைய ஆளாக இருந்தால், "பாலம் நீங்கலாக" என்று இரண்டு சொல் சேர்த்திருப்பான். புதியவர், சேர்க்கத் தெரியவில்லை. எனக்கும் வலியில் அதைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை. புதன்கிழமை பாலம் ஓட்டுக்கு வந்துவிட்டது.

அன்று நடந்ததைப் பிறகு கேட்டேன். அவர் கட்சித் தலைவர் நாற்காலி பக்கத்தில் மண்டியிட்டு, "டையருக்குப் போன் பண்ணுங்க, விட்டுருவாரு" என்று கெஞ்சினாராம். போன் பண்ணியிருக்கிறார்கள். நான் மயக்கத்தில் கிடந்தேன். "அப்படின்னா அழுத்துங்க, யாருக்குத் தெரியும்?" என்றாராம் தலைவர். உங்கள் அக்கா, "அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். முடிவு வந்ததும் அழுதாராம். அதை எனக்குச் சொன்னவரும் எங்கள் கட்சிக்காரர்தான்.

பாலம் மறுபடி வந்தால் மறுபடியும் எதிர்ப்பேன், அது வேறு விஷயம். ஆனால் உங்கள் அக்காவை நீங்கள் தவிர்த்தால் அது என் நோயால் வந்த தவறு. அதைத் திருத்தவே எழுதினேன். என் நோய் விஷயம் உங்களோடு இருக்கட்டும்.

ஓரின் டையர்


கிளேட்டன் மில்ஸ், மேற்குக் கரை
23 அக்டோபர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம் என்று எழுதினால் பொய். கிழவரிடமிருந்து கடிதம் வந்தது. கிடங்கில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். அவர் நோயைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை, தெல்மாவிடம்கூட. தெல்மா என் சட்டைப் பையிலிருந்து அவளாகவே எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

உன்னைச் சர்ச்சில் பார்க்கும்போதெல்லாம் பேசவேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். பிறகு பர்லி முகம் ஞாபகம் வந்துவிடும். நான் தப்புப் பண்ணிவிட்டேன், அக்கா. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்றுதான் புரியவில்லை. அவருடைய நோயைச் சொல்ல முடியாது, சரி. ஆனால் மார்ச்சில் அவர் உனக்காக உட்கார்ந்ததையாவது சொல்லியிருக்கலாமே? எல்லாம் நான் கூப்பிட்டதால் வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். ஏன் சொல்லவில்லை?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் முன்வாசலில் நிற்கிறேன். சாப்பிட வா. தெல்மா சமைக்கிறாள், பயப்படாதே.

தம்பி,
லின்வுட்


கிளேட்டன் மில்ஸ், கிழக்குக் கரை
26 அக்டோபர் 1977

என் அன்புத் தம்பிக்கு,

வருகிறேன். சுற்றித்தான் வரவேண்டும், காலையிலேயே கிளம்பிவிடுவேன்.

நேரில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் எழுதிவிடுகிறேன். கிழவரின் நோய் அவருடைய ரகசியம். மார்ச் விஷயம் என்னுடையது. மே மாதம் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதினால் உன் கோபம் அன்றைக்கே போய்விடும், எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு, எந்தக் கஷ்டம் வந்தாலும் நீ என்னைக் கூப்பிடமாட்டாய். அக்காவுக்கு என்ன வேலையோ, எந்த ஓட்டோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவாய். ஐம்பது வருஷத்தில் நீ என்னை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறாய், லின்வுட். பாலத்தை நான் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொள்வேன்.

நீ என்மேல் கோபமாக இருந்தால் பரவாயில்லை என்று முடிவு செய்தேன். அது ஐந்து மாதம் நீளும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா,
வெர்னா


கிளேட்டன் மில்ஸ்
12 ஜனவரி 1978

அன்புள்ள அக்காவுக்கு,

அகஸ்டாவில் பனி அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். முழங்காலைப் பார்த்துக்கொள். இங்கே தெல்மா நன்றாக இருக்கிறாள். இது அவளைப் பற்றியது அல்ல.

எனக்கு ஹெர்னியா, குடல் இறங்கியிருக்கிறது. இரண்டு வருஷமாக இருக்கிறது. கிழங்குப் பீப்பாய் தூக்கி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, உள்ளே துணியைச் சுருட்டி வைத்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். இந்த வாரம் நிற்க முடியவில்லை. பாங்கர் ஆஸ்பத்திரியில் 18ஆம் தேதி புதன்கிழமை அறுக்கிறார்கள்.

அதே புதன்கிழமை பாலம் மறுபடி ஓட்டுக்கு வருகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறான். தேதியை மாற்றிக் கொடுக்கவா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போது விட்டால் நானே மனசு மாறி மறுபடியும் துணியைக் கட்டிக்கொள்வேன். டையர் ஐயாவிடம் சொல்லிவிட்டு வா. அவர் எதிர்க்கத்தான் போகிறார், அவரும் உன்னோடு ஜோடி சேர்ந்து உட்கார்ந்துகொள்ளட்டும். ஊரில் கேட்டால் இந்தத் தடவை நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். பர்லியிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை, அரை மணி நேர வேலை என்கிறார் டாக்டர். தெல்மா சிரிக்கிறாள். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. நீ வா.

தம்பி,
லின்வுட்